குட்டை வயர்

ஹெட்போன் வாங்கப் போகிறேன் என்று அவன் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சொன்னதை டிவி விழுங்கிவிட்டது. கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதம் செய்யும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நால்வரும் இந்த வீட்டிலேயே குடியிருப்பவர்கள்போல உரிமையோடு கத்தினார்கள். மாமா தலையைத் திருப்பி, இடது காதை மட்டும் முன்னால் நீட்டி, "என்ன மாப்ள?" என்றார். இரண்டாம் முறை சொன்னபோது சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள்.

"காதுல மாட்டறதா? எதுக்கு தம்பி?"

"பாட்டு கேக்கத்தான் அத்தை."

"கூப்பிட்டா கேக்குமா?"

"கேக்கும்," என்றான். பொய். கேட்காமல் இருப்பதற்காகத்தான் வாங்கவே போகிறான்.

அதற்குள் மாமா சட்டைப் பித்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். "நானும் வரேன். உங்களத் தனியா அனுப்பினா கடைக்காரன் எதையாவது தலையில கட்டிருவான்."

காது விஷயத்தில் அவன் தலையில் எதையும் கட்டிவிட முடியாது. அவனுக்குச் செவித்திறன் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிறவர்களைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று ஹெட்போனை மாட்டிவிட்டு, கனமான கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவான். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் தூக்கலாம். சிலர் தோற்றுவிடக் கூடாதென்று அவன் அனுப்பாத சத்தத்துக்கும் கையைத் தூக்குவார்கள். மாமாவின் காது மங்கிக்கொண்டு வருவது அவனுக்குப் பரிசோதனை இல்லாமலே தெரியும். அச்சகத்தில் இயந்திரத்தோடு இயந்திரமாக நின்று தேய்ந்த காது. ஒரு நாள் வாங்க, பார்த்துவிடலாம் என்றால், "உங்க பொட்டிக்குள்ள உக்காந்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையத் தூக்கறதுக்கா? எனக்கு நல்லாத்தான் கேக்குது. டிவியில பேசறவனுங்கதான் சரியா பேச மாட்டேங்கறானுங்க," என்பார். டிவியின் சத்தம் இன்னும் ஒரு படி ஏறும்.

அந்தப் பெட்டிக்குள்தான் அவன் மதியம் சாப்பிட்டான். வேறு எங்கும் கதவைச் சாத்தினால் யாராவது தட்டுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் மெல்லும் சத்தமும் மூச்சும் தவிர ஒன்றும் கேட்காது. ஒரு நாள் நிலையத்தை நடத்தும் டாக்டர் கதவைத் திறந்து, டப்பாவும் கையுமாக இருந்தவனைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். போன வாரம் அவரே கூப்பிட்டு, வேறு ஊரில் புதிய கிளை திறக்கப் போகிறோம், நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்ல அங்கேயே வாய் வரை வந்தது. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். வீட்டில் கேட்கவில்லை.

அது அவனுடைய வீடும் இல்லை. அவன் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று கொஞ்ச நாளைக்கு அவள் பெற்றோர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. கொஞ்ச நாள் முடிந்தது, அவளும் முடிந்துபோனாள். பெட்டி அலமாரிமேல் ஏறியது. யாரும் அவனை இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தை மூன்று தட்டு வைத்தாள். மாமா மாலையில் அவன் வருகிறவரை வாசல் விளக்கைப் போட்டுவைத்தார். அவர்களுக்கு ஒரே பெண். அந்த வீட்டில் அவனைக் கட்டிப்போட்ட கயிறு எது என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. போக இடம் இல்லாமல் இல்லை. போகிறேன் என்று சொல்ல ஒரு வாக்கியம்தான் கிடைக்கவில்லை. அதனால்தான் ஹெட்போன். ஊரை மாற்ற முடியாதவன் காதையாவது மூடிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். வாங்கிவிட்டால் டாக்டரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம்.

கடை குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, நடுவில் ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வயிற்றை எக்க வேண்டும். கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள்.

"எதுக்கு சார்? ஓடும்போதா, ஆபீஸ்ல பேசறதுக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு."

"வீட்டுல எவ்வளவு நேரம் போடுவீங்க?"

அவன் யோசித்தான். "முடிஞ்ச வரைக்கும்."

அவள் அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு அவன் தன் கையில் இருந்த தொகையைச் சொன்னான். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது அவனுக்குப் பிடித்தது. "இந்த விலையில வயர் இல்லாதது எடுத்தீங்கன்னா பாதி காசு பேட்டரிக்கே போயிரும். வயரோட எடுங்க, காசு சத்தத்துக்குப் போகும்," என்றாள். அவன் நினைத்ததும் அதுதான். ஆனால் அவன் போனில் வயர் செருக ஓட்டையே கிடையாது. கூடத்து அலமாரியில், டிவிக்குப் பக்கத்தில், அவன் மனைவி தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மியூசிக் சிஸ்டம் இருந்தது. அவள் போன பிறகு யாரும் அதைப் போடவில்லை. அத்தை துடைத்து மட்டும் வைத்தாள். வயர் நீளமாக இருந்தால் அதிலிருந்து அவன் அறைக் கட்டில்வரை எட்டும். கதவுக்கு அடியில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். பாட்டைவிடக் காதில் படும் பஞ்சைத்தான் முதலில் பார்த்தான். காதின்மேல் உட்காருவது கூடாது, அரை மணியில் மடலை நசுக்கி வலிக்கும். காதைச் சுற்றி உட்கார வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே சந்து விழுந்தால் வெளிச்சத்தம் புகும், கம்பி நெற்றிப்பொட்டில் அழுத்தும். குனிந்து பார்த்தான், தாடையை அசைத்துப் பார்த்தான், தலையை உதறிப் பார்த்தான். ஒன்று கிடுக்கிபோலப் பிடித்தது. ஒன்று தோல் உறை, காது வேர்த்தது. இன்னொன்றின் வளையம் உச்சந்தலையில் ஒரே புள்ளியில் குத்தியது. கடைசியில் ஒரு சாம்பல் நிறம். துணி உறை, தலையில் இருப்பதே தெரியவில்லை. காதை மூடியதும் தெருவும் கடையும் மாமாவும் ஒரு கம்பளிக்கு அப்பால் போனார்கள். அவன் கண்ணை மூடினான். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

தோளில் யாரோ தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் மாமாவின் வாய் அசைந்தது. கழற்றினான்.

"நான் ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா மாப்ள?"

அந்தப் பெண் அவருக்கு மாட்டிவிட்டு, ஏதோ வாத்திய இசையைப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள். ஓரிடத்தில் மாமாவின் புருவம் ஏறியது. வாய் லேசாகப் பிளந்தது. வெகுநாளைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

"வயலின்காரன் மூச்சு விடறதுகூட கேக்குதும்மா!" என்றார். கடை முழுக்கக் கேட்டது. காதை அடைத்துவிட்டால் குரலுக்குக் கடிவாளம் கிடையாது. அவன் தினமும் பார்க்கிறதுதான். கழற்றச் சொல்லலாம் என்று கையை நீட்டினான். ஆனால் மாமா அதற்குள் கல்லாவின்மேல் சாய்ந்து, உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் மறைப்பாக வைத்து, இரகசியம் பேசுகிறவரின் முகத்தோடு அந்தப் பெண்ணிடம் கத்தினார்:

"ஏம்மா, இதுல வயர் குட்டையா வருமா?"

"ரெண்டும் இருக்கு, அங்கிள். குட்டையும் இருக்கு, நீளமும் இருக்கு. விலை ஒண்ணுதான்." அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

"நீளமா குடுத்துறாதம்மா. நீளமா இருந்தா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவாரு. குட்டையா இருந்தாதான் கூடத்துல, எங்க பக்கத்துல உக்காந்து கேக்க முடியும். அவருக்குத் தெரிய வேணாம். இருந்த ஒரு பொண்ணும் போயிட்டா. இவரும் கிளம்பிட்டா நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எத்தன நாளைக்குப் பாக்கறது?"

வாசலில் சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். பிறகு, பார்த்தது தப்பு என்பதுபோல மறுபடி சார்ஜரைப் பார்த்தார். அவன் எதிரே தொங்கிய பேட்டரி விளம்பரத்தைப் படித்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். மாமா கையை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி தாளம் போட்டார். முகத்தில் காரியத்தை முடித்த திருப்தி.

அந்தப் பெண் கல்லாவின்மேல் இரண்டு வயரையும் வைத்தாள். ஒன்று சுருட்டிய பாம்புபோலக் கனமாக இருந்தது. இன்னொன்று ஒரு கை நீளம்.

"எது சார்?" என்றாள் மெதுவாக.

நீளத்தை எடுக்க ஒரு விரல் போதும். மாமாவுக்கு அவன் கேட்டது தெரியாது. தெரியாமல் நடந்துவிட்டதாகவே இருக்கும். அவன் கை மேலே போனது. அப்புறம் சட்டைப் பைக்குப் போய்ப் பணத்தை எடுத்தது.

"குட்டை," என்றான்.

மாமா கழற்றியதும், "எந்த வயரு குடுத்தாங்க மாப்ள?" என்றார்.

"குட்டை, மாமா."

"அதான் நல்லது. நீளம்னா கால்ல மாட்டும்," என்று மாமா வெகுளியாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது பையை அவரே தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வேலை செய்யுதான்னு முதல்ல டிவியில பாத்துருவோம். சரியில்லன்னா இப்பவே கொண்டுபோய் மூஞ்சியில எறிஞ்சுட்டு வரலாம்," என்று வயரை எடுத்து டிவியின் பின்பக்கம் தடவிச் செருகினார். சோபாவில் போய் உட்காரப் பார்த்தார். வயர் பாதி வழியில் இழுத்து நிறுத்தியது. டிவி ஒரு முறை ஆடியது. அவன் ஓடிப்போய்ப் பிடித்தான். மாமா அவனைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மூலையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, டிவிக்கு ஒரு முழ தூரத்தில், தண்டனை வாங்கியவர் மாதிரி முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்தார். அவனுக்கு வெட்டிய குழியில் அவரே விழுந்திருந்தார். அவன் சிரித்திருக்க வேண்டும். முகம் ஒத்துழைக்கவில்லை.

செருகியதுமே டிவியின் சத்தம் அறுந்திருந்தது. இப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. நால்வரும் திரையில் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவன் இந்த வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஒரு மாலை இருந்ததில்லை. நடுக்கூடத்தில் நின்றான். இதற்குத்தானே காசு கொடுத்தான். தன் தலையில் மாட்டாமலே கிடைத்துவிட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் டிக்கென்றது. குளிர்சாதனப் பெட்டி முனகியது. பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

பிறகு அது கேட்டது. சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குக் கீழே, பாத்திரங்களின் இடையே, ஒரு பேச்சு. தாழ்ந்த, நிதானமான, அவசரமில்லாத பேச்சு. அத்தை யாரோடோ போனில் பேசுகிறாள் என்று நினைத்தான். அவள் போன் சோபாவில் கிடந்தது.

"...கம்மியாத்தான்டி போட்டிருக்கேன். அவருக்கு எண்ணெ ஆகாதுன்னு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சும்மா உக்காரு, ஈரத்துல கால வைக்காத... என்னமோ காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேக்கப் போறாராம். கேக்கட்டும்டி. உன் பாட்டுப் பெட்டியிலதான் கேப்பாரு..."

அவனுடைய கை சோபாவின் முதுகைப் பற்றிக்கொண்டது. இன்றைக்கு ஆரம்பித்த பேச்சு மாதிரி இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து மகளோடு எடுத்துப் பேசுகிற பேச்சு. இத்தனை நாளும் அந்த நால்வரின் கூச்சலுக்கு அடியில் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாமாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் சத்தத்தைக் கூட்டினாரா, காது கேட்காமல் கூட்டினாரா? முக்காலியில் அவர் முதுகு அசையாமல் இருந்தது. பின்கழுத்தில் புது ஹெட்போனின் வளையத்துக்குக் கீழே நரைமுடி சுருண்டிருந்தது.

இங்கே இருக்கவே முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. போகவும் முடியாது என்று உடனே தோன்றியது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். கேட்காத ஒருவரிடம் சொன்னால் போதும். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், அப்புறம் கேட்கிறவர்களிடம் சொல்ல வரலாம். அவன் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். பெட்டிக்குள் இருக்கிறவர்களுக்குக் கடைசியாக அனுப்பும் சத்தம்போல, அநேகமாக யாருக்கும் கேட்காத அளவுக்குக் குரலை இறக்கினான்.

"மாமா, வேற ஊர்ல வேல குடுக்கறாங்க. நான் போறேன் மாமா."

வார்த்தைகள் வந்துவிட்டன. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மாமா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, "எல்லாம் எவ்வளவு தெளிவா கேக்குது தெரியுமா மாப்ள!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.

சமையலறையில் பேச்சு நின்றிருந்தது. தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு அதுவும், யாரோ ரொம்பக் கவனமாகத் திருகியதுபோல, மெலிந்து மெலிந்து நின்றது.

அவன் மெல்லத் திரும்பினான். அத்தை சமையலறை வாசலில் நின்றாள். புடவையில் துடைக்காத ஈரக் கையைப் பாதி தூக்கியபடி நின்றாள். மணிக்கட்டிலிருந்து சொட்டு விழுந்தது. அது தரையில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.