மணவாளன் தின்ற கேரட்டெல்லாம்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மருத்துவ மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், 'வயதான காலத்தில் கண்ணைக் காக்கும் உணவுகள்' பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். கீரை, கேரட், முட்டை, மீன், பப்பாளி என்று எழுதினேன். கால் பக்கம்கூட வரவில்லை. மீதியை நிரப்பக் கேரட் தின்கிற ஓர் ஆளைக் கொண்டுவந்தேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஆள். கட்டுரையையே தின்றுவிட்டார்.

முதல் தொடக்கம்: 'கடலூர் மஞ்சக்குப்பத்தில் அன்று பொன்னிற வெயில்—' வேண்டாம். மஞ்சக்குப்பத்து வெயிலுக்கு நிறமெல்லாம் கிடையாது. மண்டையில் அடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: 'ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் மணவாளனுக்குப் பேப்பரில் ராசிபலன் படிக்க முடியாமல் போனது.' இது இருக்கட்டும்.

2

மணவாளன் கண்ணாடிக்கு எதிரி. போட்டால் கிழவன் என்பார்களாம். போடாவிட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது அவர் காதுக்கு இன்னும் வரவில்லை.

கண் டாக்டர் வெண்மதி சின்ன வயது, பொறுமைசாலி.

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. வயசுக்கு வர்ற வெள்ளெழுத்துதான். படிக்கக் கண்ணாடி போட்டுக்குங்க. கீரை, கேரட், முட்டை, மீன்லாம் சேத்துக்குங்க. வயசாவுற எல்லாருக்கும் நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும். வீட்ல அம்மாவையும் அழைச்சிக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தவர் மனைவி தில்லையம்மாளிடம் சொன்னது இவ்வளவுதான்: "டாக்டரம்மா என்னிய கீரை, கேரட், முட்டை, மீன் சாப்புடச் சொல்லிட்டாங்க." கண்ணாடியும் 'எல்லாருக்கும்' என்பதும் 'அம்மாவையும்' என்பதும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டன.

3

தில்லையம்மாளிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவளுக்கு அதை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. காலையில் கேரட் ஜூஸ். மதியம் பொன்னாங்கண்ணிக் கூட்டு, அவித்த முட்டை, துறைமுகத்திலிருந்து வந்த மத்தி மீன். சாயங்காலம் பப்பாளி. பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். மணவாளன் அதையும் விடவில்லை, ஒரு மதியம் மொட்டைமாடி ஏறிப் பார்த்தார். கண் கூசியதுதான் மிச்சம்.

மத்தியில் முள் ஜாஸ்தி. கல்யாணமான நாள் முதல் முள் எடுத்து அவர் தட்டில் வைப்பது தில்லையம்மாள்தான். கடலூரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது என்பது வெளியில் கசியாத ரகசியம்.

கொஞ்ச நாளில் அவருக்குக் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. (தூரப்பார்வை முன்பும் நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் கேட்கமாட்டார்.) சாயங்காலமானால் மைதானத்து ஓரம் நின்றுகொண்டு, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துப் பக்கத்து வீட்டு ராபர்ட்டுக்குச் சொல்லுவார். "பண்ருட்டி. அடுத்தது நெய்வேலி. எல்லாம் கேரட்டு ராபர்ட்டு, கேரட்டு!"

[இதழ் நண்பருக்கு: நல்ல சாப்பாடு கண்ணுக்குத் துணை. கண்ணாடிக்கும் வைத்தியத்துக்கும் மாற்று இல்லை. இந்த வரியைக் கட்டம் கட்டிப் போடவும். மணவாளன் படிக்கமாட்டார், அவரிடம் கண்ணாடி இல்லை.]

4

தில்லையம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் சிதம்பரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டில் மணவாளன் சிதம்பரம் பஸ்ஸை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்து, மார் நிமிர்த்தி நடந்தார். தில்லையம்மாள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். கூட்டம் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்து எழுதினேன்.

கொளஞ்சியப்பன் வீட்டிலும் மத்திக் குழம்பு. வழக்கம்போல அவள் முள் எடுத்து வைத்தாள். இரண்டாவது வாயில் மணவாளன் கண் பிதுங்கிவிட்டது. தொண்டையில் முள்.

"மாமா! வெறுஞ்சோத்த உருட்டி முழுங்குங்க மாமா!" கொளஞ்சியப்பன் முதுகில் தட்டினான். சோற்று உருண்டை போயிற்று, வாழைப்பழம் போயிற்று, கடைசியில் முள்ளும் போயிற்று. மூச்சு வந்ததும் மணவாளன் கத்தினார்.

"கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"ஆமாங்க," என்றாள் தில்லையம்மாள். "தெரியலதான்."

அவர் தட்டில் மிச்சமிருந்த மீனைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச மாசமா பொக மண்டுன மாரி இருக்குது. வெரலால தடவித்தான் முள் எடுக்குறன். இன்னிக்கி ஒண்ணு தப்பிடுச்சி."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"ஒங்க கண்ணு சரியாவட்டும்னு இருந்தன்."

கொளஞ்சியப்பன் கேட்டான்: "அந்தக் கேரட்டு, கீரையெல்லாம் நீயும் சாப்புடுறியாக்கா?"

"அது மாமாவுக்குச் சொன்னதுடா. மிஞ்சுனா சாப்புடுவன்."

மணவாளன் தன் தட்டைப் பார்த்தார். எதையும் மிஞ்சவிடுகிற ஆள் இல்லை அவர்.

5

கதையை இங்கே நிறுத்திவிட்டு மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். காலையில் அவருக்கு என்ன, மதியம் என்ன, சாயங்காலம் என்ன, எல்லாம் இருக்கிறது. அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி இல்லை. தலைப்பில்கூட அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நீங்கள் கவனித்தீர்களா? கவனித்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம்.

சரி, முடிவுக்கு வருவோம்.

முடிவு அ: மறுநாளிலிருந்து அவளும் கேரட் தின்றாள், புகை விலகியது. (பொய். புகையை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.)

முடிவு ஆ: 'ஒரு நாள் காலை எழுந்தபோது தில்லையம்மாளுக்கு—' மாட்டேன். எழுதக் கை வரவில்லை.

6

உண்மையில் நடந்தது வேறு. "எனக்கு எதுக்குங்க டாக்டரு? வயசானா அப்புடித்தான் இருக்கும்," என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். மணவாளன் கெஞ்சினார், திட்டினார். கொளஞ்சியப்பன் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னான். தனக்காக என்றால் தில்லையம்மாள் வாசற்படி தாண்டமாட்டாள்.

ஒரு காலையில் மணவாளன் தட்டில் இருந்த பப்பாளியை எடுத்துக் கேட்டார்: "இது இன்னா தில்ல, பூசணிக்காயா?"

"ஐயோ, பப்பாளிங்க!"

"தெரியலியே." எழுந்து நடந்து கதவில் முட்டிக்கொண்டார். நடிப்பு கொஞ்சம் மிகை. அவளுக்கு அது தெரியவில்லை. அலறியடித்துக்கொண்டு புடவையை மாற்றினாள்.

வாசலில் ராபர்ட். "இன்னா சார், கேரட்டு கைவுட்டுடுச்சா?"

மணவாளனுக்குச் சிதம்பரத்து முள்ளைவிட இது பெரிதாக இருந்தது. விழுங்கினார். "ஆமாம் ராபர்ட்டு. ஒண்ணுந் தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். "இந்தப் பக்கம் வா, அங்க பள்ளம்," என்றார் கண் தெரியாதவர். "எப்புடிங்க தெரியும்?" "பழகுன ரோடுதான?"

டாக்டர் வெண்மதியின் அறையில் கருவிக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி.

"யாருக்குப் பாக்கணும்?"

"அவுருக்கு," என்றாள் தில்லையம்மாள்.

"இவுளுக்கு," என்றார் மணவாளன்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவளைக் கேட்காமலேயே நான் எழுதியது போதும். யார் உட்கார வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். தில்லையம்மாள் அவரை நாற்காலிப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். மணவாளன் மேஜையைக் கெட்டியாகப் பிடித்தபடி நிற்கிறார். ஆனாலும் ரொம்ப நேரம் தாங்கமாட்டார்.