பாலம் விழுந்ததாகச் செய்தி இல்லை

காலையில் பாலம் விழுந்தது. செய்தியில் அது வரவில்லை. ஆகவே விழவில்லை.

இந்த வழக்கம் தெய்வானைக்குத் தெரியாததல்ல. பிறந்து வளர்ந்த ஊர்தான். இங்கே மழை பெய்தாலும் டிவியில் சொன்ன பிறகுதான் குடை விரிப்பார்கள். போன வருஷம் ரேஷன் கடைக்காரர் செத்துப்போனார். செய்தி வராததால் மாசக் கடைசிவரை உட்கார்ந்து அரிசி அளந்தார். உயிரோடு இருந்தபோது இல்லாத அளவுக்கு எடை சரியாக இருந்தது.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இன்றைக்கு அந்தப் பாலத்தில் அவள் புருஷன் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். அக்கரையிலுள்ள மஞ்சள் மண்டிக்கு வேலைக்குப் போன மனுஷன். முன்னால் இருந்த பாலம் போய்விட்டது. பின்னால் இருந்ததும் போய்விட்டது. நடுத்தூண் ஒன்றுதான் மிச்சம். அதன் தலையில் கட்சிக்கரை வேட்டியோடு நின்றார்.

அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது மட்டும் செய்தியில் வந்துவிட்டது. அதனால் தண்ணீர் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் தூணை மூடிவிடும்.

தெய்வானை பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜிக்கடை வைத்திருப்பவள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினாள்.

"படகு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றார் நிலைய அதிகாரி. அவருக்குப் பின்னால் சிவப்புப் படகு பளபளவென்று நின்றது.

"எடுங்க, போலாம்."

"பாலம் உழுந்தாத்தானுங்க படகு."

"உழுந்துருச்சுங்க. கண்ணால பார்த்துட்டு வர்றேன்."

"கண்ணாலயா?" அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "டிவில பாக்கலீங்களா?"

மந்திரி ஒரு வார்த்தை சொன்னால் படகு இறங்கும் என்றார். மந்திரி பயணியர் மாளிகையில்தான் தங்கியிருந்தார். தெய்வானை அங்கே ஓடினாள்.

மந்திரி டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிவிக்குள்ளும் மந்திரிதான் பேசிக்கொண்டிருந்தார். வெளியே இருந்தவர் உள்ளே இருந்தவரைக் கண்கொட்டாமல் கவனித்தார்.

"இரும்மா. நான் என்ன சொல்றேன்னு கேட்டுக்கறேன்."

அவள் நின்றாள். உள்ளே இருந்தவர் பேசி முடித்தார். வெளியே இருந்தவர் தலையாட்டி, "நல்லாச் சொன்னேன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பாலம் விழுந்துதுன்னு சங்கநாதம் டிவில சொல்லட்டும். அடுத்த நிமிசம் படகு விடறேன்."

"நீங்க சொன்னாத்தானுங்களே அவுங்க சொல்லுவாங்க?"

"அவங்க சொல்லாததை நான் சொல்லலாமா? அப்புறம் ஊடக சுதந்திரம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

சங்கநாதம் டிவி அவருடைய மச்சானுடையது. சுதந்திரம் மச்சான் வீட்டில் பத்திரமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். முழுப் பாலத்தை மறைக்கிறவர்களை என்னவென்று சொல்வது? தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சண்டைக்கு நேரமில்லை.

டிவி நிலையம் கடைவீதியில் ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது. நடுக்கூடத்தில் ஒரு சுழல்நாற்காலி. அதில் மதிவாணன் உட்கார்ந்திருந்தான். தினமும் ராத்திரி விவாதம் நடத்துகிறவன். நாலு பேரைப் பேசக் கூப்பிட்டு நாலு பேரையும் பேச விடாமல் செய்கிறவன் அவன்தான்.

"மந்திரி சொல்லட்டும். உடனே சொல்லிடறோம்" என்றான்.

"அவரு நீங்க சொல்லணும்கறாரு."

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை எங்க மேல!"

தெய்வானை பல்லைக் கடித்தாள். ஒரு யோசனை வந்தது. எதிர்க்கட்சிக்கு எரிமலை டிவி என்று ஒன்று இருக்கிறதே! பாலம் விழுந்ததென்றால் அவர்கள் பொங்கல் வைத்துக் கொண்டாட மாட்டார்களா? எரிமலை டிவி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"இங்கதான்" என்றான் மதிவாணன். நாற்காலியை அந்தப் பக்கம் சுழற்றினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வேறு நிறத் துண்டைப் போட்டுக்கொண்டான். முகத்தில் கோபம் வந்தது. "வணக்கம். நான் எரிமலை. என்ன வேணும்?"

அவள் சுற்றிவந்து அந்தப் பக்கம் நின்றாள்.

"பாலம் உழுந்துருச்சுங்க. ஊழல்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. உழுந்துதுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"எப்படிம்மா சொல்ல முடியும்? இந்த ஆட்சியில பாலமே கட்டலை. பணத்தைத் தின்னுட்டாங்க. அதைத்தானே தினமும் கத்திட்டு இருக்கேன். இல்லாத பாலம் எப்படி விழும்?"

"அப்ப எங்க ஊட்டுக்காரர் எது மேல நிக்கறாரு?"

"அவரு எந்தக் கட்சி?"

"ஆளுங்கட்சிங்க."

"அப்ப அப்படித்தான் நிப்பாரு."

அட, நாசமாய்ப் போகிறவர்களே! ஒருத்தன் பாலம் விழவில்லை என்கிறான். இன்னொருத்தன் பாலமே இல்லை என்கிறான். இரண்டு பேரும் ஒரே ஆள். இந்த லட்சணத்தில் ஊரில் பாதிப் பேர் சங்கநாதம் பார்த்துக்கொண்டும், மீதிப் பேர் எரிமலை பார்த்துக்கொண்டும், சம்பந்தம்கூடச் செய்துகொள்வதில்லை.

"வேற யாருதான் சொல்லுவாங்க?" என்று கத்தினாள்.

"வெளிநாட்டுப் பிரிவுல கேட்டுப் பாருங்க. நேராப் போங்க."

நேராகப் போனாள். அது ஒரு நடைவழி. அவள் நடக்க நடக்க அதுவும் கூடவே நீண்டது. ஓடினாள். அதுவும் ஓடியது. போதுமென்று நின்றாள். கதவு வந்தது.

முதல் கதவுக்கு அப்பால் பனி பெய்யும் நாடு. அங்கே செய்தி வாசித்தவரையே ஜனாதிபதியாக்கியிருந்தார்கள். அவர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பிறகு எழுந்து ஓடி அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னார். பதிலைக் கேட்டு வியக்க மறுபடி இந்தப் பக்கம் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. வெளிநாட்டுக்காரர் ஆனதால் சுத்தமான செய்தித் தமிழ் பேசினார்.

"பாலத்தைப் பற்றி எங்களால் சொல்ல இயலாது. எங்கள் நாட்டில் ஆறே கிடையாது."

"சன்னல்ல தெரியுதே, அது என்னங்க?"

"ஆறு இருக்கிறது என்று ஒருவன் எழுதினான். அவனை அதில்தான் போட்டோம்."

தெய்வானை கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த கதவுக்கு அப்பால் ஒரு படுக்கையறை வாசல். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் அவருடையவை.

"சத்தம் போடாதீர்கள்" என்றார் ஒருவர். "நேற்றுவரை நான் பிரதமர். இன்றைக்கு யார் என்று அவர் எழுந்தால்தான் தெரியும்."

"எங்கூர்ப் பாலம் உழுந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"அவருக்குப் பாலம் பிடிக்குமா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் தெரியாது. அதனால் பாலத்தைப் பற்றி எங்களுக்குக் கருத்து இல்லை."

மூன்றாவது கதவுக்குள் சின்ன அறை. ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தெய்வானை சொன்னதை முழுக்கக் கேட்டாள். இடையில் பேசவில்லை. எத்தனை தூண், தண்ணீர் எவ்வளவு உயரம் என்று மட்டும் விசாரித்தாள். சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே நாச்சிமுத்து தூணில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிவந்து உட்கார்ந்து அச்சடித்தாள்.

ஆற்றுப் பாலம் இடிந்தது. ஒருவர் தூணில் நிற்கிறார்.

அவ்வளவுதான். ஈரம் காயாத தாளைத் தெய்வானையிடம் கொடுத்தாள். தெய்வானைக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. நடந்தது நடந்தபடி இருக்கிறதே என்று தேம்பினாள்.

பக்கத்து அறையில் அந்த நாட்டு மந்திரி அதைப் படித்தார். உடனே ராஜினாமா செய்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அது உங்க பாலம் இல்லீங்களே" என்றாள் தெய்வானை.

"இருந்தாலும் மனது கேட்கவில்லை" என்றார் அவர்.

அவர் போவதைப் பத்திரிகைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவர் ஒருவர்தான் எங்கள் வாசகர். இனி படிக்க ஆளில்லை" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

தெய்வானை தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். திரும்பும்போது நடைவழி குட்டையாக இருந்தது. மதிவாணன் தாளை வாங்கிப் படித்தான். நாற்காலி பம்பரமாகச் சுற்றியது.

"அந்நியச் சதி!" என்றான் இந்தப் பக்கம்.

"அந்நியச் சதி!" என்றான் அந்தப் பக்கம்.

இரண்டு டிவியும் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைவீதியில் பட்டாசு வெடித்தார்கள். பயணியர் மாளிகையில் மந்திரி, தான் கண்டனம் தெரிவித்துவிட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இருந்தாலும் நாம நடுநிலை" என்றான் மதிவாணன். "மக்களே முடிவு பண்ணட்டும்." பாலம் விழுந்தது என்றால் போனில் ஒன்றை அமுக்க வேண்டும். விழவில்லை என்றால் இரண்டு. பாலமே இல்லை என்றால் மூன்று.

ஊரே அமுக்கியது. தெய்வானையிடம் தினமும் கடன் சொல்லிப் பஜ்ஜி தின்கிறவன் எல்லாம் அமுக்கினான். ஒன்றை அமுக்கியது தெய்வானை மட்டும். இரண்டு ஜெயித்தது.

"ஏனுங்க, உழுந்தது உழுந்ததுதானே! அதுல என்ன ஓட்டு?"

"மக்கள் தீர்ப்பும்மா. தலைவணங்கித்தான் ஆகணும்."

மக்களாம், தீர்ப்பாம்! ஆற்றங்கரைக்குப் போய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருத்தனாவது போனானா? போனால் டிவி பார்ப்பது யார்?

தெய்வானை ஆற்றங்கரைக்குப் போனாள். பரிசல்காரர் சென்னியப்பன் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாலம் இருக்கற எடத்துல பரிசல் போடக்கூடாதுன்னு தடை அம்மணி."

"பாலம் எங்கீங்க இருக்குது? காட்டுங்க பாக்கலாம்!"

சென்னியப்பன் காட்டவில்லை. நல்ல மனுஷன். "நான் அந்தப்பக்கம் திரும்பிக்கறேன். நீ எடுத்துட்டுப் போனா எனக்குத் தெரியாது" என்றார். எழுந்து திரும்பினவர் நின்ற நிலையில் பனைமரமாகிவிட்டார். பார்க்காமல் இருப்பதற்கு அதுதான் வசதி.

அவளே துடுப்புப் போட்டாள். தண்ணீர் பரிசலைச் சுற்றிச் சுற்றி அடித்தது. கை தோளோடு கழன்றுவிடும்போல் வலித்தது. தூணை எட்டியபோது நாச்சிமுத்துவின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. அவர் போனில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க மாமா, சீக்கிரம்!"

"எதுக்கு?"

"எதுக்கா? பாலம் உழுந்து போச்சுங்க!"

"உழுகுலைன்னு தீர்ப்பே வந்துருச்சு. நானும் ரெண்டை அமுக்குனேன்."

ஊர்க்காரன் அமுக்கினான், சரி. இவருமா? "எங்க நின்னுட்டு அமுக்குனீங்க?"

"இங்க நின்னுட்டுத்தான். வேற எங்க?"

"உங்க காலுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க!"

"அது கட்சிக்குத் துரோகம் புள்ள. பரிசல்ல ஏறுனா பாலம் இல்லைன்னு ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும். நீ முன்னால போ. நான் நடந்தே வந்தர்றேன்."

சொல்லிவிட்டு வலதுகாலைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே நீட்டினார். தெய்வானை பாய்ந்து இடதுகாலைக் கட்டிக்கொண்டாள். "நடப்பீங்களா? நடப்பீங்களா? உங்களுக்கு அறிவு இருக்குதா? கட்சியா வந்து எனக்குச் சோறு போடும்?" என்று அலறினாள். பரிசல் தூணில் இடித்தது. தூணின் ஓரத்தில் ஒட்டியிருந்த கைப்பிடிச் சுவரின் மிச்சத்திலிருந்து ஒரு சில்லுப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

கரையில் காலையிலிருந்து டிவி கேமரா இருந்தது. மொத்தப் பாலமும் விழுந்தபோது அதற்குக் கண் தெரியவில்லை. அந்தச் சில்லு விழுந்தது தெரிந்தது.

நாச்சிமுத்துவின் கையிலிருந்த போன் கத்தியது. "பாலம் இடிந்தது! இடித்தவர் பஜ்ஜிக்கடைப் பெண்! பின்னணியில் வெளிநாட்டுத் தாள்!" மதிவாணன் இந்தப் பக்கமும் சொன்னான், அந்தப் பக்கமும் சொன்னான். இல்லாத பாலத்தை அவள் எப்படி இடித்தாள் என்று எரிமலை பார்க்கிறவர்கள் யாரும் கேட்கவில்லை. பனி நாட்டு ஜனாதிபதி மேசையைச் சுற்றி ஓடியோடிக் கண்டித்தார்.

பளபளவென்று ஜொலித்துக்கொண்டு சிவப்புப் படகு வந்தது. நிலைய அதிகாரி முன்னால் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ்.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி பெருமையாக. "பாலம் உழுந்தா படகு வந்துருமுங்க."

"கையை நீட்டும்மா" என்றாள் பெண் போலீஸ். "பாலத்தை இடிச்சதுக்குக் கேஸ்."

தெய்வானைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தண்ணீர் நாச்சிமுத்துவின் தொடைக்கு வந்துவிட்டது.

"மொதல்ல அவரை ஏத்துங்க. அப்புறம் நீட்டறேன்."

நாச்சிமுத்து மறுபேச்சில்லாமல் படகில் ஏறினார். விழுந்துவிட்டதென்று கட்சியே சொன்ன பிறகு அவருக்கு என்ன தடை? அவள் கையை நீட்டினாள். விலங்கு மாட்டினார்கள். படகு திரும்பியபோது தூண் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடியது.

அவர் எதிரே உட்கார்ந்து வேட்டிக்கரையைப் பிழிந்தார். மேலெல்லாம் ஈரம். உயிர் இருந்தது. அவளுக்கு வேண்டியது அதுதான்.

பாதி ஆற்றில் அவர் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. கட்டின பெண்டாட்டியை, யாரோ ஒரு களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அத்தனை நல்ல பாலத்தை, ஏம்புள்ள இடிச்ச?"