ஹாலின்பெக் என்று கூப்பிட்டால்

ஹாலின்பெக் என்ற குடும்பப்பெயரை உலகத்தின் எந்த மூலையில் யார் சொன்னாலும் டாமரிஸ் பூத்தின் காதில் விழும். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் எங்கள் ஊரின் பெயரும் அதுதான். ஓட்ஸ் பயிர் பொய்த்துப்போன மறுவருஷம், 1783 மார்ச் மாதம், கல்யாணமாகாத பால்பண்ணை வேலைக்காரி டாமரிஸ், பிறந்து ஒரு மணி நேரமே ஆன தன் ஆண்குழந்தையைத் தேவாலய வாசலில் வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள். பஞ்சம் பொல்லாதது. அதே காலையில் அதே வாசலில் இன்னும் இரண்டு ஆண்குழந்தைகள் கிடந்தன. தேவாலய நிர்வாகத்தைப் பார்க்கும் வார்டன் ஜோசுவா ஃபர்த் சுத்தத்துக்குப் பேர்போனவர். மூன்றையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டி, தாய்மார் சுற்றிவிட்ட கந்தல்களை எரித்து, ஒரே மாதிரிக் கம்பளியில் சுற்றினார். "ஊர்ல கிடைச்ச பிள்ளைக்கு ஊர்ப் பேருதான்யா. இதுக்கெல்லாம் அப்பனைத் தேடிக்கிட்டு யாரு அலையறது?" என்றார். எங்கள் வழக்கமும் அதுதான். ஞானஸ்நானத்தில் பாதிரியார் மூன்று முறை ஹாலின்பெக் என்றபோது, இரண்டு மைல் தள்ளிப் பாலாடை எடுத்துக்கொண்டிருந்த டாமரிஸ் நிமிர்ந்தாள். மூன்றில் தன்னுடையது எது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

போய்க் கேட்கவும் வழியில்லை. வாயைத் திறந்தால் கள்ளப்பிள்ளை பெற்றவள் என்று சிறையில் போடுவார்கள். ஏழு வயதில் மூவரையும் லங்காஷர் பஞ்சாலைக்கு வண்டியேற்றினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது கூப்பிடுகிறவர்களின் குரல்தான். மேஸ்திரி கத்தினால், ஒருவன் இயந்திரத்தடியில் தூங்கிவிட்டான். நீதிபதி நிதானமாகச் சொன்னால், ஒருவன் கைதியாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறான். ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னால், கல்யாணம். திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவனின் பெயரைக் காற்றுக்கு நடுவே நாலு பேர் திரும்பத் திரும்பக் கத்தி ஓய்ந்த அன்று, அவள் வெண்ணெய் கடைவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். செத்தது தன் பிள்ளையா, அடுத்தவள் பிள்ளையா என்று தெரியாமல் அழுவது கொடுமை. முழுசாக அழவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

பக்கத்து வீட்டு நான்சி ஒருநாள், "ஏன்டி, பொழுதன்னிக்கும் தலையத் தலையத் திருப்புறியே, ஈ மொய்க்குதா?" என்றாள்.

"கூப்பிடுறாங்க."

"கூப்பிட்டா என்னன்னு கேக்க வேண்டியதுதானே?"

"என்னையா கூப்பிடுறாங்க?" என்று சொல்லிவிட்டு டாமரிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று பேரின் பெயர் முப்பதாகி, முந்நூறாகி, கனடாவின் கோதுமை வயல் வரைக்கும் போனது. இத்தனை பேருக்குக் காது கொடுத்ததில் டாமரிஸுக்குச் சாக நேரமில்லாமல் போயிற்று. அவளை அடக்கம் செய்யக் காத்திருந்த ஏழு பாதிரியார்கள் ஒவ்வொருவராகத் தாங்களே அடங்கினார்கள். ஊரும் அவள் வயதை எண்ணுவதை விட்டுவிட்டது.

1916 ஜூலையில், உலகப்போர் நடந்த பிரான்சில், ஒரு தாக்குதல் முடிந்து, உயிரோடு திரும்பியவர்களைக் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிட்டார்கள். ஒரு யார்க்‌ஷர் படைப்பிரிவில் மட்டும் பதினோரு ஹாலின்பெக்குகள். சார்ஜென்ட் முதல் ஆளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். எங்கள் ஊர் ஏழைகள் விடுதியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த டாமரிஸ், அத்தனை வருஷமும் மூடியே வைத்திருந்த வாயைத் திறந்து, "இருக்கேன், சார்" என்றாள். பதினோரு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் எழுந்து நின்றாள். கூட உரித்துக்கொண்டிருந்த எத்தல் பயந்துபோய், "ஏம்மா, யாருக்காகப் பதில் சொல்றே, பெத்த பிள்ளைக்கா?" என்று கேட்டாள்.

"பதில் சொல்ல முடியாதவன் எல்லாம் என் பிள்ளைதான்டி" என்றாள் டாமரிஸ். அன்றைக்குத்தான் அவள் முழுசாக அழுதாள்.

குரல் பிரான்சு வரை போயிருக்கிறது. பேச்சு யார்க்‌ஷர் பேச்சாக இருந்ததால் சார்ஜென்ட் சந்தேகப்படவில்லை. பதினோரு பேரும் வந்ததாகக் குறித்துக்கொண்டார். அதனால் பதினோரு வீடுகளுக்குச் சாவுக் கடிதம் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்கள், வந்துவிடுவான் என்று, சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாகவே வைத்துவந்தார்கள்.