வானம் தெரிந்தால் கூவும்

அப்பாவின் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில், பிரேமினி அந்தக் கருவியைப் பிரேதப் பெட்டிக்குள் தள்ளினாள். பட்டாளத்துப் பூட்ஸ் சத்தம் தோட்டத்து லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. அதை எப்படி அணைப்பதென்று அப்பாவுக்குத்தான் தெரியும். அவரோ நேற்று மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கொழும்பு சர்வேயர் ஐயா சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஜி.பி.எஸ். சாமான். தினமும் ஒரே பாறையில் வைத்து, அது காட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். "ஒரே கல்லுதான் புள்ள. நேத்து ஒரு எடம், இன்னைக்கு வேற எடம் காட்டுது. பட்டாளத்து மெஷினுக்குத்தான் சட்டலைட்டு உண்மையச் சொல்லுமாம். நமக்குக் கொஞ்சம் பொய்தான்" என்று அப்பா சிரிப்பார். வானம் தெரிந்ததும் அது கீக்கென்று கூவுவதில் அவருக்கு அத்தனை பெருமை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் அரண்டால் கேட்கவா வேண்டும்? போன மாதம் வெறும் ரேடியோவுக்காகக் கீழ்லயத்து மதுரனைக் கொண்டுபோனார்கள், இன்னும் வரவில்லை. பிரேமினியின் தம்பி விஜிதரனுக்கும் அதே வயது. அனுமதிக் கடிதமோ சர்வேயர் ஐயாவிடம் கொழும்பில் இருந்தது.

சிப்பாய்கள் தகரப்பெட்டியைக் கொட்டினார்கள், அடுப்படியைக் கிளறினார்கள். பிணத்தைத் தொடாமல் போனார்கள். அவள் மூச்சு விடுவதற்குள் பெரியவர்கள் மூடியை வைத்து ஆணி அறைந்துவிட்டார்கள்.

"தம்பி, அந்த மெஷினு அப்பா தலைக்குக் கீழ கெடக்குடா."

"ஐயோ அக்கா! செக்பொயின்ட்ல தப்பு மேளத்த நிறுத்தச் சொல்லுவானுங்களே, அது கூவுனா கேட்டுருமே!"

பிரேதத்தோடு பெண்கள் ரோட்டு வளைவு வரைதான் போவது வழக்கம். காவல் தடையும் அங்கேதான் இருந்தது. தப்புச் சத்தம் நின்றது. பெட்டியை இறக்கச் சொன்ன சிப்பாய், மூடியைப் பார்த்துக் குனிந்தான். அங்கே மரமில்லை, மேலே திறந்த வானம்.

உள்ளே கீக்கென்றது.

"என்னப் பெத்த அப்பா!" பிரேமினி பெட்டிமேல் விழுந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் தொண்டை கிழியக் கத்தினாள். "வானம் பாத்துக் கெடந்த ராசாவே, இப்பக் கூப்புடாதீங்க, பேசாமப் போங்க!" சுற்றி நின்ற பெண்களும் மாரடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். மறுபடி அது கூவியது யாருக்கும் கேட்கவில்லை, பெட்டியில் அழுந்திய அவள் வயிற்றில் மட்டும்தான் அதிர்ந்தது.

சிப்பாய் பின்வாங்கித் தடையைத் தூக்கினான். விஜிதரன் மற்ற ஆண்களோடு தோளில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு தேயிலைக்குள் ஏறி மறைந்தான்.

இனி நிறுத்தலாம். அவளால் நிறுத்த முடியவில்லை.

"நங்கி, வத்துர" என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சிங்களத்தில் சொல்லி, தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சிப்பாய் நீட்டினான்.