அக்கா உட்கார வேண்டிய இருக்கை

"யாருமே உக்காரக் கூடாதா?"

"யாருமே உக்காரக் கூடாது சார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. ஏர்பேக் மாத்துற வரைக்கும்."

"குண்டா இருக்கறவங்க, ஒல்லியா இருக்கறவங்கன்னு ஏதாச்சும் வித்தியாசம் உண்டா?"

"இல்ல சார்."

"எங்க அக்கா உக்காரலாமா?"

மறுமுனையில் வண்டிப் பட்டறைப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "உங்க அக்காவும் அந்த 'யாருமே'ல சேர்த்திதான் சார்."

செமிசி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே வேனைப் பார்த்தான். காலையில்தான் கழுவித் துடைத்திருந்தான். டோங்காத் தீவுக்காரர்கள் குடியேறிய ஒட்டாஹுஹு புறநகரின் மழை விட்ட வெயிலில் அது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு நின்றது. லேசாக எங்காவது இடித்தால் போதும், முன்னால் உப்ப வேண்டிய பை உப்புவதோடு நிற்காமல் இரும்புத் துண்டுகளையும் சேர்த்து முகத்தில் வீசுமாம். போன ஞாயிறு இதைப் போதகரே வாசித்தார். ஒரு இறுதிச் சடங்கின் நேரத்துக்கும் பாடகர் குழுவின் ஒத்திகைக்கும் நடுவில், அதே குரலில். இந்த மாடல் வேன்களைக் கம்பெனி திரும்ப அழைக்கிறது, வண்டி எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள், உங்கள் வண்டியும் இருந்தால் பட்டறைக்கு போன் செய்யுங்கள், காசு வாங்க மாட்டார்கள், அதுவரை முன் சீட்டில் ஆளை ஏற்றாதீர்கள், ஆமென். கோயில் வாசலில் நின்ற வண்டிகளில் பாதி அதே மாடல்தான். டோங்காக் குடும்பத்தை ஒரே நடையில் ஏற்றிப் போக வேறு எந்த வண்டியால் முடியும்? மறுநாளே சபை மொத்தமும் பட்டறைக்கு போன் போட்டது. செமிசி கல்யாண வேலையில் மறந்துபோய், இன்றுதான் போட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. மகள் லெசியின் கல்யாணம் இந்தச் சனிக்கிழமை. அக்கா இன்று மாலை வந்து இறங்குகிறாள்.

மெலெனாய்தே அவனுக்கு அக்கா. லெசிக்கு அத்தை. டோங்கா வழக்கத்தில் அத்தைக்கு மேல் ஒரு வீட்டில் ஆள் கிடையாது. கல்யாணத்தில் எல்லோருக்கும் மேலான இடத்தில் அவளுக்குத்தான் பாய் விரிப்பார்கள். கேக்கின் உச்சி அடுக்கு அவளுக்கு. வருகிற சீரில் எது நல்லதோ அதை அவள் பார்வையால் தொட்டாலே போதும், அது அவளுடையது. அப்படிப்பட்டவளை விமான நிலையத்திலிருந்து பின் சீட்டில் வைத்து ஓட்டி வருவதா? பக்கத்து ஒனெஹுங்காவில் ஒருவன் செய்தான். முழங்கால் வலி என்று மகனை ஓட்டவிட்டு, தான் முன்னால் உட்கார்ந்து, அத்தையைப் பின்னால் ஏற்றினான். முதல் சிக்னலில் வண்டி நின்றதும் அந்த அம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். டாக்சி பிடித்து விமான நிலையத்துக்கே திரும்பிப் போனாள், கொண்டுவந்த பாய்களோடு. அந்தக் கல்யாணப் படத்தில் நடுவே ஒரு காலி நாற்காலி இருக்கும். அந்த ஜோடிக்குப் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன, ஊர் இன்னும் அந்த நாற்காலியைத்தான் பேசுகிறது.

"வேற வண்டி கேக்கலாமே," என்றாள் அவன் மனைவி லூசியா. சமையலறை மேசை நிறைய இலைகளைப் பரப்பி, நாத்தனாருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட? உங்கண்ணன் வண்டியும் இதேதான். போதகர் வண்டியும் இதேதான்."

"மாப்பிள்ளை கார்?"

"அதுக்கு ரெண்டே கதவும்மா," என்றாள் லெசி. "அத்தை உள்ள போயிட்டா கல்யாணத்தையும் கார்லயே வச்சுக்க வேண்டியதுதான்."

மூவரும் சிரித்தார்கள். செமிசி முதலில் நிறுத்தினான். "விஷயத்த நீ சொல்லிடு லூசியா. பொம்பளைங்க சொன்னா நல்லாருக்கும்."

"உங்க அக்கா. நீங்க சொல்லுங்க."

"அக்காகிட்ட நான் எப்படி முடியாதுன்னு சொல்றது? பொறந்ததுலருந்து சொன்னதில்ல."

"அப்ப அந்த ஏர்பேக்கையே சொல்லச் சொல்லுங்க," என்று அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இடத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் ஆள் உட்காரக் கூடாது. அவ்வளவுதானே? பெட்டியின் அடியிலிருந்து குடும்பத்தின் மெல்லிய பாயை எடுத்தான். பட்டுப் போல மடியும் பாய். அதை முன் சீட்டில் விரித்து, சாய்மானம் வரை ஏற்றி, சுற்றிலும் சிவப்பு இறகுக் கரை தெரியும்படி நீவிவிட்டான். நழுவாமல் இருக்க பெல்ட்டையும் இழுத்து மாட்டினான். இது அக்காவின் சீட்டு, அவள் மரியாதை இங்கே உட்கார்ந்திருக்கிறது, அவள் உடம்பு மட்டும் பத்திரமாகப் பின்னால் வருகிறது. லெசி வந்து எட்டிப் பார்த்தாள். "பாய்க்கு பெல்ட் போட்டிருக்கீங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விமான நிலையத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் செமிசி எட்டிப் பார்த்தான். கடைசியில் ஒரு தள்ளுவண்டி வந்தது, அதன்மேல் சுருட்டிய மரப்பட்டைத் துணிகள், பாய்கள், ஐஸ் பெட்டி. அதற்குப் பின்னால், பயணத்திலும், மரியாதைக்கு உடையின்மேல் சுற்றிக் கட்டும் இடுப்புப் பாயை அவிழ்க்காமல், மெலெனாய்தே. லூசியா ஓடிப்போய் மாலையைப் போட்டு அழுதாள். லெசி அழுதாள். அக்கா யாரையும் அவசரப்படுத்தாமல் ஒவ்வொருவரையாக முகர்ந்து முத்தமிட்டாள். செமிசி தலை குனிந்து கன்னத்தைக் கொடுத்தான். அவளிடமிருந்து இன்னும் அதே வாசனை, தேங்காய் எண்ணெயும் லேசாக டீசலும். டோங்காவில், நெய்யாஃபு துறைமுகத்தில் கப்பல் வரும் நாளெல்லாம் சரக்கு லாரி ஓட்டுகிறவள் அவள். அவன் சிறுவனாக இருந்தபோது அந்த லாரியின் பின்னால், கிழங்கு மூட்டைக்கும் கட்டிப்போட்ட பன்றிக்கும் நடுவில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஊரெல்லாம் போயிருக்கிறான். அந்தப் பிடரி திரும்பாதவரை உலகத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்று அப்போது நம்பினான்.

வேனின் முன் கதவைத் தானே திறந்துகொண்டாள் அக்கா. திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இது யாரு?"

செமிசி லூசியாவைப் பார்த்தான். லூசியா வானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அது உங்க சீட்டுதான். உங்களுக்காகத்தான் பாய் போட்டேன். ஆனா உக்கார வேணாம். அந்த டப்பா இருக்குல்ல, முன்னாடி, அதுக்குள்ள ஒரு பை... கம்பெனியே சொல்லியிருக்கான். வெடிச்சா மூஞ்சி போயிரும். செவ்வாய்க்கிழம மாத்தித் தரேன்னாங்க." அவன் பின் கதவை இழுத்துத் திறந்தான். "அதனால நீங்க கொஞ்சம் பின்னாடி..."

பின்னாடி என்ற சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. இனி அள்ள முடியாது.

அக்கா பாயைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். "பாட்டி நெய்த பாய். அது முன்னாடி காத்து வாங்கிட்டு வரும். நான் பின்னாடி ஐஸ் பெட்டியோட வரணும்."

"இல்லக்கா..."

"உனக்கு என் மூஞ்சி மேல அவ்வளவு அக்கறையா?"

"ஆமாக்கா," என்றான். அதைத் தவிர அவனிடம் சொல்ல வேறு உண்மை இல்லை.

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். அதே விமானத்தில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு சபையின் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் டிரைவர் பக்கத்து இடம் காலி. ஒன்றில் மட்டும் அங்கே ஒரு பெரிய கிழங்குக்கு யாரோ பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நடுச் சீட்டில் மலைமலையாக அத்தைகள், முறைத்த முகங்களோடு. மெலெனாய்தேயின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று செமிசி பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் தொடங்கிய சிரிப்பு, இடுப்புப் பாய் சரசரக்க, வயிற்றிலிருந்து பொங்கி வந்தது. லெசி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தாள். லூசியாவுக்கு வானத்தைப் பார்ப்பதை விட்டு இறங்கிவரத் தைரியம் வந்தது.

"டிரைவர் சீட்டுக்கு அந்த வியாதி இல்லயே?"

"இல்லக்கா. அது நல்லாருக்கு. கேட்டுட்டேன்."

"அதுவும் முன் சீட்டுதான?"

செமிசிக்கு உடனே புரியவில்லை. அக்கா பாயின் ஓரத்தில் மடங்கியிருந்த ஒரு இறகை நிமிர்த்திவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள். வண்டியின் மூக்கைச் சுற்றி நிதானமாக வலப்பக்கம் நடந்தாள். மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள், ஸ்டியரிங்கில் இடிக்காமல் இருக்க. கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து, போலீஸ்காரனிடம் காட்டுவது போல லெசியிடம் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போட்டாள். பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. அவள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். நரைத்த கொண்டைக்குக் கீழே, வெயிலில் கறுத்த அதே பிடரி.

"நீ பின்னாடி உக்காந்துக்க," என்றாள். "உனக்குத்தான் பழக்கமாச்சே."

பிறகு, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தாள்.

"சாவியக் கொடு, செமிசி."