மருமகனின் தாகம்

காலையிலிருந்து அத்தாஹிர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒட்டகத்தின் மேல் இருந்த ரைஷாவுக்கு அது நன்றாகத் தெரியும், காரணமே அவள்தான். மாமியார் கண்ணெதிரே மருமகன் முகத்திரையை விலக்கி வாயைக் காட்டுவதா? ஆண்கள் முகத்திரை போடும் துவாரெக் குலத்தில் அதைவிட மானக்கேடு உண்டா?

வேறு இடமாக இருந்தால் மணல்மேட்டுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வந்திருப்பான். தெனேரே பாலைவனத்தின் இந்தப் பகுதியில் ஓர் ஆட்டுக்குட்டி மறையக்கூட மேடு கிடையாது. போதாததற்குப் புழுதிக்காற்று வேறு. நாலடி விலகினால் ஆள் தெரியாது. விலகியவன் திரும்பி வந்து சேர்வது நிச்சயமில்லை.

ஃபஷி ஊரில் அத்தாஹிரின் பிள்ளையைப் பெற்றிருக்கும் மகளைப் பார்க்க லாரியில் போயிருக்கலாம். லாரி நாற்றம் ஆகாது என்று, ஊர் சுற்றிப் பார்க்க வந்த இத்தாலிக்காரி பியெராவை அவன் வழிகாட்டி அழைத்துப்போகும் பயணத்தில் ரைஷா தொற்றிக்கொண்டாள். இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

வருடாவருடம் வந்து இவர்கள் பேச்சைக் கற்றிருந்த பியெரா, தன் ஒட்டகத்தின் மேலிருந்து தண்ணீர்ப் புட்டியை நீட்டிப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்த அத்தாஹிர் தலையை ஆட்டி மறுத்தான்.

"ஏம்மா, அவர் ஏன் குடிக்க மாட்டேங்கிறாரு?"

"அவனுக்குத் தாகமில்ல" என்று கூசாமல் பொய் சொன்னாள் ரைஷா.

சற்று நேரத்தில் அவள் காற்றைக் கவனித்தாள். இதுவரை இடக்கன்னத்தில் அடித்த காற்று இப்போது பிடரியில் அடித்தது. இவன் தெற்கே திரும்பிவிட்டான். அந்தப் பக்கம் கிணறே இல்லை.

மருமகனிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. ஒட்டகத்திடம்தான் சொல்ல வேண்டும்.

"ஏ ஒட்டகம்! வழி தெரியலன்னா நில்லு. தெரிஞ்ச மாதிரி நடக்காத!"

"ஒட்டகமே, வழி சரிதான்னு பெரியவங்ககிட்ட சொல்லு." அவன் நாக்குக் குழறியது.

அப்பன் எங்கே என்று நாளைக்கு அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? நினைக்கும்போதே அத்தாஹிர் முழங்கால் மடங்கி மணலில் விழுந்தான். பியெரா குதித்து ஓடி அவன் முகத்திரையைத் தூக்கப் போனாள். இருந்த கொஞ்ச பலத்தையும் சேர்த்து அவன் அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான்.

ரைஷா சறுக்கி இறங்கினாள். அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சால்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஏ ஒட்டகம், கேட்டுக்க! ரைஷா செத்துட்டா. செத்தவளுக்குக் கண்ணு ஏது, காது ஏது, மருமகன்தான் ஏது!"

"என்னம்மா உளறுறீங்க?" பியெரா பதறினாள்.

"பொணத்துக்கிட்ட பேசாதடி. தண்ணிய அவன் கையில குடுத்துட்டு நீயும் திரும்பிக்க."

காற்றின் இரைச்சல்தான் கேட்டது. அவன் குடிக்கமாட்டானோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு மடக் மடக்கென்று சத்தம் வந்தது. காதில்லாதவள் ஒவ்வொரு மடக்கையும் கேட்டாள். சால்வைக்குள் கண்ணீர் வழிந்தது.

"ஒட்டகமே" என்றான் அத்தாஹிர், தெளிந்த குரலில். "பெரியவங்கள எழுப்பு. நான் வழி தப்பிட்டேன். காத்து இடப்பக்கம் வரணும்."

ரைஷா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அதைத்தானே நான் உயிரோட இருந்தப்பவே சொன்னேன்!"