மைனஸ் ஒன்று

அக்கா எழுதுவதை உடைப்பதுதான் என் வேலை. அவள் எழுதுவது கெர்னல். கணினியில் மற்ற புரோகிராம்கள் கேட்பதையெல்லாம் செய்து கொடுக்கிற, முழு அதிகாரமும் உள்ள மையப் பகுதி. எதிர் மேசையில் உட்கார்ந்து நான் அதில் ஓட்டை தேடுவேன். சின்ன வயதில் அவள் அடுக்கிய கட்டைகளைத் தட்டிவிட்டு அடி வாங்கினேன். இப்போது அதற்கே சம்பளம்.

நீண்ட சிகிச்சை முடிந்து திரும்பியபின் அவள் எழுதிய முதல் பகுதி நாளை வெளியாகிறது. "பழைய மூளை போயிடுச்சோன்னு பயமா இருக்குடா" என்று காலையில் லிஃப்டில் சொன்னாள். ஆபீசே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. அதைப் படித்துச் சரிபார்க்க வேண்டிய சீனியர்கள் இருவரும் 'பிரமாதம்' என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் ஓட்டை கிடைத்துத் தொலைத்தது. "இத்தனையாவது கட்டத்தில் இதை எழுது" என்று ஒரு புரோகிராம் கேட்டால், அந்த எண் அளவுக்கு மேல் போகிறதா என்று மட்டும் பார்த்திருந்தாள். மைனஸ் எண் கொடுத்தால்? கட்டங்களுக்கு முன்னால், யாருக்கு என்ன அதிகாரம் என்று குறித்திருக்கும் இடத்தில் போய் எழுதிவிடும். ஒன்றுமில்லாத புரோகிராம் ஒரே நொடியில் முதலாளி.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. உடைத்தவன், எழுதியவரின் சோதனைக் கணினிக்குள் முதலாளியாக நுழைந்து திரையில் நக்கலாக ஒரு வரி எழுத வேண்டும். எத்தனையோ பேருக்கு வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறேன். அன்று கை வரவில்லை. மறைக்கவும் மனசு வரவில்லை. மதியம் வரை தவித்துவிட்டு எழுதினேன்:

"சாப்டியாக்கா?"

அவள் முகம் வெளுத்தது. எழுந்து என்னிடம் வந்தாள்.

"எது வழியா வந்தே?"

"மைனஸ் ஒண்ணு."

"சே, பாத்திருக்கணும்." என் தலையில் நறுக்கென்று குட்டினாள். கண் கலங்கியிருந்தது. "பாவம், உடம்பு முடியாதவளாச்சேன்னு எல்லாரும் படிக்காமலே ஓகே போட்டாங்கடா. எனக்குத் தெரியும். நீ ஒருத்தன்தான் என்னைப் பழைய ஆளா நினைச்சுப் படிச்சிருக்கே."

குட்டு வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டேன். அவளோ அதற்குள் இடத்துக்குப் போய்த் திருத்தி அனுப்பிவிட்டாள். "அக்கான்னு பாக்காம உடை!"

தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ஒவ்வொரு முறையும் 'அனுமதி இல்லை' என்றது கணினி. இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

"முடியலக்கா" என்றேன்.

"அப்ப வா, இன்னும் சாப்பிடல" என்றாள்.